ரயிலு குடுத்த கம்பிளி

நான் மூணாறு பள்ளிவாசல் எஸ்டேட்ல தேயிலக் கொழுந்து எடுத்தவ. குளிருக்குக் கம்பிளி எங்களுக்குக் கம்பெனிதான் குடுக்கும். அந்த நெனப்புலதான் இந்தக் கூத்தே நடந்துச்சு.

பெங்களூர்ல இருக்குற மகளப் பாக்க, ஏழைபாழைங்களுக்குன்னு விட்ட ஏசி ரயிலுல ஆலுவாயில ஏறுனேன். மூணாறு குளிரு தோத்துச்சு போங்க! பல்லு தந்தியடிச்சுது. என் சீட்டுல ஒரு கம்பிளி மடிச்சுக் கெடந்துச்சு. பரவால்லையே, ரயில் கம்பெனியும் தருதேன்னு இழுத்துப் போத்திக்கிட்டேன்.

எதுத்தாப்புல ஒரு புள்ள, காதுவரைக்கும் துப்பட்டாவச் சுத்திக்கிட்டு வெடவெடன்னு நடுங்குது.

"ஏ புள்ள, ஒனக்குக் கம்பிளி தரலியா? வாயத் தொறந்து கேக்க மாட்டியா? எங்க எஸ்டேட்டா இருந்தா இந்நேரம் யூனியன்காரனக் கூப்பிட்டிருப்பேன்"னேன். சிரிச்சுச்சு.

பாலக்காட்டுல டிடிஆர் வந்தாரு. நானே நியாயம் கேட்டேன்.

"எனக்குக் குடுத்தீக, இந்தப் புள்ளைக்கு ஏன் குடுக்கல?"

"இந்த டிக்கெட்டுக்குக் கம்பிளி கெடையாது அம்மச்சி. அவங்கவங்கதான் கொண்டு வரணும்."

"அப்ப இது யாருது?"

அந்தப் புள்ள தலையக் குனிஞ்சுச்சு. "என்னோடதுதான் பாட்டி. பெட்டிய மேல ஏத்தும்போது அங்க வச்சேன்."

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"போத்தினதும் ஒங்க நடுக்கம் நின்னுடுச்சு. எப்படிக் கேக்குறது?"

திருப்பிக் குடுத்தா வாங்கல. கடைசில ரெண்டு பேரும் ஒரே சீட்டுல ஒட்டி ஒக்காந்து போத்திக்கிட்டோம்.

எதுனாலும் கேட்டு வாங்கித்தான் எனக்குப் பழக்கம். தன்னோடதையே கேக்காம நடுங்குன அந்தப் புள்ளைய நெனச்சா, இன்னைக்கும் கொழப்பமாத்தான் இருக்கு. வெவரம் பத்தாதது அதுக்கா, எனக்கா?