துளையில்லாத வட்டத்தட்டு

வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்த பிறகு மின்சார மீட்டரின் தட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றக் கூடாது. சுற்றினால் மீட்டரைத் திறந்து சரிசெய்ய வேண்டும். தலைமை அலுவலகத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றி மீட்டரின் ஈய முத்திரையை உடைக்கக் கூடாது. இரண்டு விதிகளும் மின்சார அலுவலகக் கையேட்டின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தன. எழுதியவர் அவற்றைச் சேர்த்துப் படித்ததில்லை என்பது என் கருத்து.

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஓர் அலுமினியத் தட்டு வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம், விளிம்போரம் எதிரெதிராக இரண்டு துளைகள். அதைப் பார்த்தால் அக்காவின் கணவர், சுங்கை பட்டாணியில் விஞ்ஞானம் படிப்பித்த அத்தான், நினைவுக்கு வருவார். கூடவே எரிச்சலும் வரும்.

மலாயாவில் ஜப்பானியர் ஆட்சிக் காலம். 1943ஐக்கூட அவர்கள் கணக்கில் 2603 என்று எழுத வேண்டும். நான் அவ்வூர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் பிரிவுக் கிராணி, அதாவது குமாஸ்தா. உதிரிப்பாகம் வராததால், அத்தான் வீட்டு மீட்டருக்கு எங்கள் பட்டறையில் ஒரு பானை மூடியை வட்டமாக வெட்டித் தட்டாக மாட்டினார்கள். துளை போட மறந்தார்கள். விளக்கே எரியாவிட்டாலும் மீட்டருக்குள் ஒரு கம்பிச்சுருள் தட்டை மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கும். துளை அதன் கீழ் வந்தால் தட்டில் சுழலும் மின்னோட்டத்தின் பாதை குலைந்து தட்டு நின்றுவிடும். துளை இல்லாவிட்டால் ஊர்ந்துகொண்டே இருக்கும். துளையிட அனுமதி கேட்டுப் பினாங்குத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். பிறகு நினைவூட்டலை நினைவூட்டினேன்.

ஒரு காலை, எதிரிச் செய்தி கேட்க ஒளித்துவைத்த வானொலிகளை வீடுவீடாகத் தேடி வந்த ஜப்பானிய ராணுவ அதிகாரி, விளக்கு எதுவும் எரியாத வீட்டில் தட்டு சுற்றுவதைக் கண்டார். அப்படியானால் எங்கோ வானொலி ஓடுகிறது. அந்தக் குற்றத்துக்காகக் கொண்டுபோனவர்களில் திரும்பி வந்தவரை நான் பார்த்ததில்லை. ஆள் விட்டு என்னை அழைத்தார்கள். நான் போனபோது அக்கா குசினி வாசலில் முந்தானையை வாயில் வைத்தபடி நின்றாள். அத்தானோ கரித்துண்டால் சுவரில் பெரிய வட்டம் வரைந்து, அதன் விளிம்பில் அம்புகள் போட்டுக்கொண்டிருந்தார்.

“அத்தான், ஃபியூசைக் கழட்டிக் காட்டினாக் காணும்.”

“கொஞ்சம் பொறும் தம்பி. முதல்ல திருப்புவிசையைக் கண்டுபிடிப்பம். பிறகு உராய்வு.”

ஆறு மாதம் ஜப்பான் மொழி படித்த ரப்பர் தோட்டத்து இளைஞன்தான் மொழிபெயர்ப்பாளர். “மாஸ்டர், ஆபிசர் துவான் கேக்குறாரு, இந்த அம்பெல்லாம் எந்த ஊருக்குப் போற வழின்னு. சுருக்கமா சொல்லுங்கலா. எனக்கும் புள்ளைங்க இருக்கு.”

“ஊர் இல்லையடா, இது மின்னோட்டத்தின்ர திசை.”

அவன் என்ன மொழிபெயர்த்தானோ, அதிகாரியின் கை வாளுக்குப் போனது. இனி அத்தான் கணக்கை முடிக்கும்வரை காத்திருக்க முடியாது. நானே மீட்டருக்கு அப்பால் வீட்டுப் பக்கம் இருந்த ஃபியூசைப் பிடுங்கினேன். வீட்டுக்குள் துளி மின்சாரம் போகவில்லை. தட்டு அப்போதும் ஊர்ந்தது. அதிகாரி வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருக்கு ஒரு முடிவு தோன்றியது: வானொலி மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. வாளின் பிடியால் ஒரே இடி. முத்திரை தெறித்தது.

எந்த அனுமதியும் கேட்காமல் விதி அங்கே முடிந்தது.

உள்ளே பானை மூடியைத் தவிர ஒன்றும் இல்லை. நான் மின்சாரத்தை நிறுத்தித் தட்டைக் கழற்ற, அத்தான் கவராயத்தால் இடம் குறித்து, ஆணியால் இரண்டு துளை போட்டார். திரும்ப மாட்டினோம். தட்டு அரைச் சுற்றுப் போய் நின்றது. அதிகாரியும் அசையாமல் நின்றார். பிறகு என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டுப் போனார். தட்டு எங்கள் அலுவலகத்துடையது. அதில் நியாயம் உண்டு.

அக்கா அழுதாள். அத்தான் சுவரைப் பார்த்தார். “விடை வந்திட்டுது. வழிதான் இன்னும் முடியேல்ல.” அந்த வட்டத்தை அழிக்க அவர் கடைசிவரை விடவில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் எங்கள் கெடா மாநிலம் சயாம்காரர் கைக்கு மாறியது. அவர்களுடைய பௌத்தக் கணக்கில் அதே ஆண்டு 2486 ஆயிற்று. பினாங்கு ஜப்பானியரிடமே இருந்தது. பின்னர், 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபின், இருவருமே போனார்கள். அத்தானும் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இன்றும் சில சமயம் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு என் வீட்டு மீட்டரைப் போய்ப் பார்க்கிறேன். ஒழுங்காக நிற்கிறது.

போருக்குப் பின் அத்தான் வீட்டுக்குப் புது மீட்டர் வந்தபோது, கழற்றிய பானை மூடித் தட்டு என் மேசைக்கு வந்தது. அதன் அடியில் இருப்பது பினாங்கின் பதில். துளையிட அனுமதிப்பதற்கில்லை, முத்திரை பழுதுபடாமல் இருப்பதை உறுதி செய்யவும் என்கிறது. அவர்கள் போட்ட ஆண்டு 2605. கைக்கு வந்த தேதியை ஓரத்தில் நானே குறித்தேன்: 1945 செப்டம்பர் 20.