லாரியிலிருந்து இறங்கி நின்ற அஞ்சலையக்கா

செவ்வாய்க்கிழமை காலை தேக்கா மார்க்கெட் வாசலில் லாரியை நிறுத்தி, முட்டைக்கோஸ் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். வெற்றிலைக் கடைக்காரர் வந்து, "அண்ணே, அஞ்சலையக்கா போயிட்டாங்க. ஆஸ்பத்திரியிலேயே முடிஞ்சிருச்சு," என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தூக்கினேன். இறக்கிய கூடையையே திரும்ப லாரியில் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

தேக்காவில் கீரை வாங்கியவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அஞ்சலையம்மாள் மார்சிலிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தவர். கணவர் இறந்த மூன்றாம் மாதம், வீட்டுக்குப் பின்னால் போட்ட கீரையைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து என் லாரியை மறித்தார். "தேக்காவுக்குத்தானே போறீங்க தம்பி? முன்னால ஏறிக்கிறேன். பின்னால உக்காந்தா கீரையும் வாடிடும், நானும் வாடிடுவேன்," என்றார். அனுமதி கேட்ட மாதிரியே இல்லை. அன்று முதல் முன்சீட்டு அவருடையது. அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் வேறு வண்டி கிடையாது. என் லாரி இல்லையென்றால் அவருக்குக் கடை இல்லை, பள்ளிக்கூடம் போகும் மகளுக்குச் சோறும் இல்லை.

லாரி ரொம்பப் பழசு, பெட்ரோலை மடக் மடக்கென்று குடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரைக் கழற்றி, பிரித்துக் கழுவி, தேய்ந்த ஊசியையும் வாஷர்களையும் மாற்றி மாட்டினேன். அங்கே பிடித்தது சனி. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதைத்தான் ஐட்லிங் என்போம். மறுநாளிலிருந்து அது போய்விட்டது. சிக்னலில் நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். ஆனால் மார்க்கெட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோனால் பூனை மாதிரி சாதுவாக ஓடும். பட்டறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

இன்னும் மூன்று முறை பிரித்தேன். ஜெட் துளைகளை ஊதினேன். காற்றுத் திருகை அரைச் சுற்றுத் திறந்தேன், கால் சுற்று மூடினேன். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். காலையில் நிற்பது மதியம் ஏன் ஓடுகிறது? பட்டறையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டபோது, அது என் வாயிலிருந்துதான் வந்தது.

"காலையில அந்தம்மா இருக்காங்க. புருஷன் போனவங்க முன்னால உக்காந்து வந்தா வண்டி எப்படி ஓடும்?"

"சும்மா இருலா. எஞ்சினுக்கு அதெல்லாம் தெரியுமா?" என்றார் பட்டறைக்காரர்.

மறுநாள் புக்கிட் தீமா சாலை சிக்னலில் எஞ்சின் வழக்கம்போல் நின்றது. பின்னால் ஹார்ன் சத்தம். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, நாளையிலேருந்து வேற வண்டி பாத்துக்குங்க," என்றேன்.

"எதுக்கு?"

"வண்டி சரியில்ல."

"நான் இறங்குனா சரியாயிடுமா?"

நான் ஹார்ன் அடித்தவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்ப நாளை வரைக்கும் எதுக்கு? இப்பவே பாத்துடுவோம்," என்று லாரியை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கிக் கைகட்டி நின்றார். ஸ்டார்ட் செய்தேன். நின்றது. மறுபடியும் செய்தேன். மறுபடியும் நின்றது.

"நான் இங்கதான் நிக்கிறேன் தம்பி," என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மீண்டும் ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்திருந்தேன். "நீங்க போங்க. நான் இங்கேருந்து பஸ்ல போயிக்கிறேன்," என்று ஜன்னல் வழியே கையை விட்டு, முன்சீட்டுக்கு எதிரே தொங்கிய தம் பையை எடுத்தார். தராசும் எடைக்கற்களும் வைத்திருக்கும் பை அது. நான் காலை எடுத்தேன். எஞ்சின் நிற்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். பையை மறுபடி மாட்டினார். எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

பை தொங்கியது வைப்பருக்குப் போகும் ரப்பர் குழாயில். அந்த லாரியின் வைப்பர், எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையில் ஓடுவது. கார்புரேட்டரை மாட்டியபோது அந்தக் குழாயை மேலே இழுத்துக் கட்ட மறந்தவன் நான். அது அவருக்கு முன்னால் வளைந்து தொங்க, அவர் பையை மாட்டியிருக்கிறார். பாரத்தில் குழாயிலிருந்த வெடிப்பு திறந்து, வேண்டாத காற்று எஞ்சினுக்குள் போயிருக்கிறது. மார்க்கெட்டில் அவர் பையோடு இறங்கியதும் வெடிப்பு மூடிக்கொள்ளும்.

"அப்ப எடைக்கல்லுக்குத்தான் ராசியில்ல," என்று சிரிக்காமல் சொன்னார். ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "நான் ஏறுனாத்தான் வண்டி நிக்குதுன்னு யாரு முதல்ல சொன்னது?" என்றார்.

"பட்டறையில பேசிக்கிட்டாங்க," என்றேன்.

அதற்குப் பிறகும் பல வருஷம் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பட்டறை வாசலைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அந்தம்மாவுக்கு என்மேல என்ன கோபம்?" என்று பட்டறைக்காரர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். எனக்குத் தெரியாது என்றே சொல்லிவந்தேன்.

புதன்கிழமை எடுத்தார்கள். மகள் இப்போது ஆசிரியை. என்னிடம் வந்து, "அம்மா அடிக்கடி சொல்வாங்க மாமா. ராசியில்லாதவங்கிற வார்த்தையைச் சொல்லாத ஒரே ஆளு நீங்கதான்னு," என்றார். அக்கா அதை நம்பித்தான் சொன்னாரா? இல்லை, எல்லாம் தெரிந்தே என்னைக் காப்பாற்றினாரா? இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தவரின் மனசு எனக்கு இன்னும் விளங்கவில்லை. மகளிடம் நான் வாயைத் திறக்கவும் இல்லை.

பட்டறைக்காரரும் வந்திருந்தார். வீட்டுக்குள் வராமல், எதிர்ப்பக்கம் வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டார். அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்திருக்க வேண்டியவன் நான்.

அக்கா, அதைச் சொன்னது அவர் இல்லை. நான்தான். போய் வாருங்கள்.