ஜூலிக்கு எந்தக் கால்ல வலி?

குதிரை வேலையில "எனக்குத் தெரியாது"ன்னு சொல்ற ஆளே கெடையாது, என்னத் தவிர. வீட்டுல ஒரு நாயோ கோழியோ வச்சுக்கிட்டு ஊரு பூரா ஆலோசனை வாங்கிக் கட்டிக்கற புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது. நான் பாலிடெக்னிக்க பாதியில விட்டுட்டு குதிரை லாயத்துல சேந்தவன். லாயம் நடத்தற எங்க மொதலாளியம்மா மதாமோட ஜூலி, நாப்பது கிலோமீட்டர் போட்டியில ஓடுற குதிரை. லாடமே கெடையாது, வெறும் குளம்புதான்.

ரப்பர் ஷூ

கல்லு ரோட்டுல மட்டும் முன்னங்கால் ரெண்டுக்கும் ரப்பர் ஷூ மாட்டுவோம். "லாடம் வேணாம்னுட்டு ஷூ மட்டும் எதுக்கு?"ன்னு கேட்டேன். "ஷூவ வீட்டுக்கு வந்தா கழட்டிடலாம், லாடத்து ஆணிய அப்பிடிக் கழட்ட முடியுமா?"ன்னாங்க மதாம். புரிஞ்ச மாதிரி தலையாட்டி வச்சேன்.

ஒரு நாள் பிள்ளைச்சாவடிப் பக்கம் நடத்திக் கூட்டிட்டுப் போனேன். மீன் விக்கிற அக்கா ஒண்ணு கூடைய எறக்கி வச்சுட்டு ஜூலி காலையே பாத்துச்சு. "ஷூவெல்லாம் மாட்டி எந்த இஸ்கூலுக்குடா கூட்டிட்டுப் போற? பைய எங்க?"

வீடியோ

போட்டிக்கு ஆறு நாள்தான் இருந்துச்சு. மதாம் ஊர்ல இல்ல. நான் போன்ல குளம்பு சீவுற வீடியோவா பாத்துட்டு கெடந்தேன். கறுப்பா இருக்கறதச் சீவச் சீவ உள்ள வெள்ளையா வரும், பாக்கவே சொகமா இருக்கும். "அரத்தால ஓரத்த மட்டும் ராவு, அடியத் தொடாத"ன்னு மதாம் சொன்னது ஞாபகம் இருந்துச்சு. ஆனா போட்டிக்குப் போற பொண்ணு அழுக்குக் காலோடயா போவா? முன்னங்குளம்பு ரெண்டையும் அடியில சீவித் தள்ளிட்டேன்.

கூட வேலை பாக்கற குமாரு எட்டிப் பாத்தான். "தேங்காப் பத்தை மாதிரி இருக்குடா. பொட்டுக்கடலை மட்டும் வாங்கியா, சட்னி அரைச்சிடலாம்."

வலதா இடதா?

மறுநாள் மணல்ல நல்லா நடந்தவ, லாயத்து வாசல் ஜல்லில கால வச்சதும் தீமிதிக்கற ஆளு மாதிரி குட்டிக் குட்டி அடியா வைக்கிறா. முன்னங்கால் ஒண்ணுல வலின்னா அது தரையில படும்போது குதிரை தலையத் தூக்கும். ஜூலி தூக்கவே இல்ல. நான் கொழம்பிட்டேன்.

ஊர்லேந்து வந்த மதாம், "எந்தக் கால்?"னாங்க. வலதுன்னேன், இடதுன்னேன், பின்னங்காலா இருக்குமோன்னேன். சீவினத மட்டும் சொல்லல. மூணு வருஷமா லாடமே கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சண்ட போட்டவங்க, "பாயக் கூப்புடு, லாடம் அடிச்சிடலாம்"னுட்டாங்க. நான் பண்ண வேலைக்கு அவ கால்ல ஆணியா?

குமாரு காதுகிட்ட வந்தான். "நாலு காலையும் சொல்லிட்ட. வால மட்டும் ஏன்டா விட்ட?"

பாய்

தவளக்குப்பத்துலேந்து லாடம் அடிக்கிற பாய் பொட்டியோட வந்தாரு. குளம்பத் தூக்கி அடியில கட்டைவிரலால அழுத்துனாரு. ஜூலி வெடுக்குனு இழுத்துக்கிட்டா. இன்னொரு காலு, அதுவும் அப்பிடியே. "யாரு சீவுனது?"

மதாம் என்னப் பாத்தாங்க. நான் ஆணிப் பொட்டியப் பாத்தேன். "நான்தான் பாய். வீடியோ பாத்து."

பாய் பொட்டிய மூடிட்டாரு. லாடம் வேணாம்ன மதாம் வேணும்ங்கறாங்க, அடிக்க வந்த பாய் வேணாம்ங்கறாரு, எனக்குத் தலை சுத்துச்சு. "அந்த அடிதான் தம்பி அதுக்குச் செருப்பு. அதச் செதுக்கிப் போட்டுட்டு எங்கிட்ட ஆணி கேட்டா எப்பிடி? வளரட்டும், விடு."

ஜல்லி

மதாம் போட்டிய விட்டுட்டாங்க. என்னையும் வேலைய விட்டு அனுப்பிடுவாங்கன்னுதான் நின்னேன். "செருப்பக் கழட்டு. அந்த ஜல்லில நட"ன்னாங்க. கூசிக் கூசி நடந்தேன்.

"எந்தக் கால் வலிக்குது?"

"ரெண்டும் மதாம்."

"அப்ப ஒரு காலத் தாங்கித் தாங்கி நடக்க வேண்டியதுதானே?"

"ரெண்டுலயும் வலிச்சா எதத் தாங்கறது மதாம்?"

"அதத்தான்டா அவளும் உங்கிட்ட சொல்லிட்டிருந்தா."

லாடம் நல்லதா வெறுங்குளம்பு நல்லதான்னு எனக்கு இன்னும் வெளங்கல, ஆனா எதுவா இருந்தாலும் மொதல்ல என்கிட்டேந்து குதிரையக் காப்பாத்தணும்ங்கறது மட்டும் லாயத்துல எல்லாருக்கும் வெளங்கிடுச்சு.