மேற்குச் சுவரில் ஓடிய தண்ணீர்

குழாயில் தண்ணீர் மெலிந்து இரண்டு வாரம் கழித்து, மலையாளக் கன்னி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிளம்பர் எங்கள் வீட்டு மேற்குச் சுவரை ஒட்டித் தோண்டினார். சுவருக்கு உள்பக்கம் அப்பாவின் அறை. அவர் இறந்து மூன்று வருடமாகிறது.

முழங்கால் ஆழத்தில் குழாய்க்கு முன் வேர்தான் தெரிந்தது. கொல்லை மாமரத்தின் வேர். மணிக்கட்டுப் பருமனில் வந்து, குழாயின் இணைப்பருகே இழை இழையாகப் பிரிந்து, தேங்காய் நாரைத் திணித்ததுபோல் அதைச் சுற்றி அடைந்திருந்தது.

“உங்க மாமரம் திருட்டு கனெக்‌ஷன் எடுத்திருக்கு சாரே,” என்றார் பிளம்பர். களியக்காவிளைக்காரர். “அதும் மீட்டருக்கு முன்னாடி. பில்லும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

“எத்தனை நாளா ஒழுகியிருக்கும்?”

“நாளா? இந்தத் தடிக்கு அஞ்சு கொல்லம், அஞ்சு வருஷமாவது ஆயிருக்கும்.”

“மூணு வருஷத்துக்குள்ள இருக்காதா?”

“இருக்காது சாரே.”

இன்னும் இரண்டு தடவை கேட்டேன். அவர் மண்வெட்டியைச் சாய்த்துவைத்தார். “என்ட்ட கேட்டா? வேருட்ட கேளுங்க.”

கடைசி இரண்டு வருடத்தில் அப்பா ஒன்றையேதான் சொன்னார். “சுவத்துக்குள்ள தண்ணி போயிண்டே இருக்குடா. யாராவது மூடுங்கோ.” ஒவ்வொரு முறையும் தேதி போட்டு நாட்குறிப்பில் எழுதினேன். அந்தப் பட்டியலை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வீட்டில் உண்மையிலேயே அப்படி ஏதாவது சத்தம் உண்டா என்று அவர் கேட்டார். அந்தச் சுவரருகே ஒரு முறைகூடப் போய்க் கேட்காமலே, இல்லை என்றேன். மாத்திரை எழுதினார். சில வாரங்களில் அப்பா அதைச் சொல்வது நின்றது. பிறகு பேச்சே நின்றது. பகலெல்லாம் தூங்கினார். அப்படியே போய்ச் சேர்ந்தார்.

வேர் தண்ணீரை மோப்பம் பிடித்து வருவதில்லை என்று படித்திருக்கிறேன். எல்லாப் பக்கமும் நுனியை நீட்டுகிறது. ஈரம் தட்டிய இடத்தில் கிளை பிரிகிறது, மற்ற இடங்களில் சும்மா இருந்துவிடுகிறது. மேலே இலைகளும் வெளிச்சம் விழும் இடுக்கு பார்த்துத்தான் அமர்கின்றன. சில மரங்களில் ஒரு பக்கத்து வேர் குடிப்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கிளைகளுக்கே போகும்.

அது நினைவுக்கு வந்ததும் பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். அப்பா முதன்முதலில் தண்ணீர் என்று சொன்னது விஷுவுக்கு மறுநாள். அதே வருடம், அதற்கு இரண்டு மாதம் முன்பு, கும்ப மாதத்து வெயிலில் என் கையெழுத்து: “மாமரத்தில் மற்ற கிளைகள் வாடிக் கிடக்கின்றன. அப்பா அறைப் பக்கத்துக் கிளை மட்டும் செழிப்பாக இருக்கிறது. அழகு.”

அழகு என்று எழுதியிருக்கிறேன்.

மாலையில் வித்துராவிலிருந்து தங்கை கூப்பிட்டாள். வேரைப் பற்றிச் சொன்னேன், தேதிகளையும் சொன்னேன். பேருந்து ஒன்று கடந்துபோகும் சத்தம் அவள் பக்கத்தில் கேட்டது.

“அப்போ அப்பா சொன்னது நெஜம்தான்,” என்றாள்.

“ஆமா.”

“நீயும் அன்னிக்கே சுவத்துல காதை வெச்சுப் பாத்திருப்பியே அண்ணா. நீ பாக்காம விடமாட்டியே.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. என்னைத் தெரிந்தவள் என்ற நம்பிக்கையில் கேட்டாள்.

“பாத்தேன்,” என்றேன். “ஒண்ணும் கேக்கலை.”