நாலரை அடிக்குக் கீழே

எங்கள் வீட்டுக் கூடத்தின் தெற்குச் சுவரில் ஒரு பென்சில் கோடு இருக்கிறது. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நேராகப் போகும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் என் அப்பா, நான் நைனா என்று கூப்பிடுபவர், கோட்டின் இரண்டு முனைகளிலும் ஆணி அடித்துக்கொள்வார். சுவர் காய்ந்ததும் ஆணிக்கு ஆணி நூல் பிடித்து மறுபடி இழுப்பார். சுனாமி வந்த காலையில் எங்கள் கூடத்தில் தண்ணீர் நின்ற உயரம் அது. லைட்ஹவுஸ் குப்பத்தில் மற்ற வீடுகளில் அந்தக் கறை இரண்டு மூன்று பொங்கல்களில் மறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் அது வருஷா வருஷம் புதிதாகும்.

நனைந்தால் கெட்டுப்போகும் எதுவும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சுவிட்ச் போர்டுகள் எல்லாம் ஐந்தரை அடியில். மிக்சி வைக்கும் பலகை அம்மாவின் நெற்றிக்கு நேராக இருக்கும். ஸ்டூல் மேல் ஏறி நின்றுதான் சட்னி அரைப்பாள். ரேஷன் கார்டு, படகின் காகிதங்கள், என் டிப்ளமோ சான்றிதழ் ஆகியவை பிளாஸ்டிக் உறைக்குள், அந்த உறை ஒரு டப்பாவுக்குள், டப்பா பரண் மேல். ஃபிரிட்ஜை அவ்வளவு உயரத்தில் வைக்க முடியாது என்பதால் எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வரவேயில்லை. சின்ன வயதில் எல்லா வீடுகளும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அன்று எனக்கு ஏழு வயது. நினைவில் இருப்பவை மூன்றே. அம்மாவின் ஈர முடி என் வாயில் ஒட்டியது. ஒரு அலுமினியக் குண்டான் மிதந்து போனது. குப்பத்துக்குப் பின்னால் இருக்கும் பழவேற்காட்டு ஏரிப் பக்கத்தில் யாரோ என்னைப் படகில் தூக்கி உட்கார வைத்தது. மற்றதெல்லாம் பிறகு கேட்டவை. நைனா விடியலுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார். ஆழத்தில் இருந்தவர்களுக்கு அலை என்று ஒன்று தெரியவேயில்லை. படகு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கியதாம், அவ்வளவுதான். மத்தியானம் அவர் கரைக்கு வந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. வீட்டில் சேறு இருந்தது, சுவரில் கோடு இருந்தது, நாங்கள் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் எங்களை அவர் கண்டுபிடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அம்மா எனக்குப் பொட்டலச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாளாம். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்பாள். அந்த மத்தியானத்தைப் பற்றி நைனா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சில வருஷங்கள் கழித்து அரசாங்கம் வீட்டுக்கு வீடு டிவி கொடுத்தது. நைனா அதை நேராகப் பரண் மேல் ஏற்றினார். ஏழடி உயரத்தில், கூரையை ஒட்டி இருந்த அந்தப் பெட்டியை நானும் அவரும் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்ப்போம். அம்மா மட்டும் குனிந்த தலையோடு, இறால் உரித்துக்கொண்டோ கருவாட்டுக்கு மீனைக் கீறிக்கொண்டோ இருப்பாள். சீரியலில் யார் அழுகிறார்கள், யார் யாரை ஏமாற்றுகிறார்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். வில்லி வாயைத் திறந்தாலே திட்ட ஆரம்பித்துவிடுவாள். ஓயாத உழைப்பாளி, சும்மா உட்கார மனசு வராது, அதனால்தான் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பதினைந்து வயதிலிருந்து தலையில் சும்மாடு வைத்து, அதன் மேல் மீன் கூடை வைத்து, பொன்னேரித் தெருக்களில் விற்றவள் அவள். நாலு வருஷத்துக்கு முன் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் தலையில் பாரம் கூடாது, அண்ணாந்து பார்ப்பதும் கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்தச் சீட்டை நான்தான் வாங்கி, தேதி எழுதி, ஃபைலில் வைத்தேன்.

கூடையை இறக்கி வைத்த பிறகு அம்மா பகலெல்லாம் வீட்டில் இருந்தாள். பழைய டிவி ஒரு மழைக்காலத்தில் அணைந்துபோனது. நான் மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். வார நாட்களில் அங்கேயே அறை எடுத்துத் தங்கல். அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா, எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லாத அம்மா, சோறு போட்டுக்கொண்டே, புதுசு வாங்குவதானால் பெரிசாக வாங்கு என்றாள்.

ஷிப்ட் முடிந்த களைப்பிலும் எனக்குப் பட்டியல் போடுவது பிடிக்கும். பதினோரு வரி எழுதினேன். உப்புக் காற்றுக்குப் பின்பக்கம் துருப்பிடிக்காதது. மின்சாரம் ஏறி இறங்குவதால் ஸ்டெபிலைசர். கிழக்கு வாசலிலிருந்து காலை வெயில் எந்தக் கோணத்தில் விழுகிறது. சர்வீஸ் ஆள் குப்பம்வரை வருவாரா. சுவரை அளந்தேன். நாலரை அடிக்கு மேல் நைனா கேட்கும் அரை அடி பாதுகாப்பு, ஐந்தடி. பரண் ஏழடியில். இடையில் இருப்பது இரண்டடி. அதற்குள் அடங்குவது நாற்பத்து மூன்று இஞ்ச் திரை. கணக்கு சுலபமாக முடிந்ததில் எனக்குத் திருப்திகூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பொன்னேரிக்குப் போனோம். கடையில் டிவிகளைச் சுவரில் மாட்டாமல் தாழ்வான மேசைகளில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லாத் திரைகளிலும் ஒரே நீலக் கடல். நைனா ஒன்றின் முன் வெகு நேரம் நின்றார்.

"தண்ணி இந்தக் கலர்ல இருந்தா வலையில ஒண்ணும் படாது."

கடைப் பெண் சிரித்துக்கொண்டே, அது வெளிநாட்டுக் கடல் ஐயா என்றாள்.

"அவனுங்க இன்னா துன்றானுங்க, பாவம்" என்றார்.

அந்தப் பெண் அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஐம்பத்தைந்து இஞ்ச் திரையில் கடலை மாற்றி ஒரு சீரியலை வைத்தாள். அம்மா தினமும் கேட்கும் சீரியல். வில்லி பேச ஆரம்பித்தாள். அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"இவளா அவ?"

யாரும்மா என்று கேட்டேன்.

"இந்தக் கொரலு. இம்மாம் சின்னப் பொண்ணா? நான் யாரோ கெழவினு நெனச்சிகினு இருந்தேன்."

கடைப் பெண் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நைனா சிரிக்கவில்லை. "தெனம் பாத்துகினுதான மே இருந்த?" என்றார்.

"தலையத் தூக்குனா சுத்துது. நான் எங்க பாத்தேன்" என்றாள் அம்மா. அதில் குறையோ கோபமோ இல்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்.

கையில் இருந்த பட்டியலை மறுபடி படித்தேன். வெயிலின் கோணம் இருந்தது. பார்ப்பவளின் கழுத்து இல்லை. டாக்டர் சீட்டு என் ஃபைலில் இருந்தது, எந்த வரிசையில் என்றுகூடச் சொல்வேன். அதையும் பரண் மேலிருந்த பெட்டியையும் நான் ஒருமுறைகூடச் சேர்த்து யோசித்ததில்லை. அவள் எந்த வருஷம் நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்தினாள் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. அங்கேயே நின்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாற்பத்து மூன்று இஞ்சை ஐந்தடிக்கு மேல் மாட்டினால், தரையில் உட்காரும் அவள் இருபத்தைந்து டிகிரிக்கு மேல் அண்ணாந்தாக வேண்டும். புதுசு வாங்கி, அதையும் கேட்கத்தான் போகிறாள். அன்று ஒன்றும் வாங்காமல் திரும்பினோம்.

அடுத்த இரண்டு வாரங்களும் வீட்டில் அதே பேச்சு. பேச்சு என்றுகூடச் சொல்ல முடியாது. இருவரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள், போனில், தினமும். கோட்டுக்குக் கீழே மாட்டுவதும் கடலில் போடுவதும் ஒன்று என்றார் நைனா. அப்படியானால் டிவியே வேண்டாம், ரேடியோ போதும் என்றாள் அம்மா. நான் மூன்று வழிகள் சொன்னேன். மடக்கி இறக்கும் இரும்புக் கை: உப்புக் காற்றில் ஒரு வருஷத்தில் இறுகிவிடும். சக்கரம் வைத்த ஸ்டாண்ட்: தண்ணீர் வந்தால் அது எங்கே உருளும். அம்மாவுக்கு உயரமான நாற்காலி: கால் தொங்கினால் முட்டி வலிக்கிறது. இரண்டு பேருமே சரி. தவறானவர் ஒருவர் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அயர்ச்சியாக இருந்திருக்காது.

மூன்றாவது ஞாயிறு காலை. நைனா வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அம்மா அருவாமணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மறுபடி தண்ணீரைப் பற்றி அவர் ஏதோ ஆரம்பித்தார். அம்மா கையை நிறுத்தி என்னைக் காட்டினாள்.

"தண்ணியில நின்னவ நானு. இவளத் தூக்கிகினு நின்னவ நானு. நீ கோட்டத்தான் பாத்த."

நைனா வலை மேல் குனிந்துகொண்டார். முடிச்சு ஒன்றை விரல்கள் வெகு நேரம் தேடிக்கொண்டிருந்தன. இருபது வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தோன்றியதேயில்லை. அம்மாவுக்கு அந்தத் தண்ணீர் வந்தது, கழுத்துவரை ஏறியது, போய்விட்டது. நைனா அது வந்ததையும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. ஒரு வெறும் வீட்டில் நின்று அதன் உயரத்தை மட்டும் பார்த்தவர். என்னையும் அவளையும் அந்தக் கோட்டுக்குக் கீழே எத்தனை முறை நிறுத்தி அளந்திருப்பார் அந்த மத்தியானத்தில்.

வெள்ளிக்கிழமை வேலை நேரத்தில் போன் செய்தார். "பாப்பா, பெருசே வாங்கிடு" என்றார். எங்கே மாட்டுவது என்று கேட்டேன். "அவ கண்ணுக்கு நேரா." பிறகு நிபந்தனையைச் சொன்னார். "ஆனா புயல் கூண்டு ஏத்துனா டிவி பரணுக்குப் போயிடணும். ஒத்தையா தூக்க முடியாது. நீ வரணும்."

மாட்ட வந்தவர் வழக்கமான உயரத்தில் துளை போடப் போனபோது நைனா அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கினார். அம்மாவைப் பாயில் உட்காரச் சொல்லி, அவள் கண் மட்டத்தைப் பார்த்துத் தானே குறி போட்டார்.

அது நடந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. ஐப்பசி பிறந்தால் எனக்கு ஒரு வேலை கூடுகிறது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்ததும் போன் வரும். பஸ், பழவேற்காட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ, பாலம், மணல். திருகுகளைக் கழற்றுவது, ஒயர்களில் ஒட்டிய சீட்டைச் சரிபார்ப்பது, போர்வை, தார்ப்பாய், கயிறு. திரையைப் படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். ஒரு மீன் கூடையைவிட எடை குறைவுதான், அகலம்தான் பேஜார். புயல் ஆந்திரா பக்கம் திரும்பிய பிறகு மறுபடி இறக்க வேண்டும். இதுவரை பத்து தடவை ஏற்றி இறக்கியிருக்கிறோம். ஒரு தடவைகூட வாசற்படியைத் தண்ணீர் தொடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "இன்னா, உங்க டிவி ஏறிடுச்சா? அப்போ நானும் துணிய எடுக்குறேன்" என்பாள். சில சமயம் பஸ்ஸில் தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தத்தில் நடத்துனர் எழுப்புவார். கோபம் வரும். யார் மேல் என்று தெரியாமல் அதுவும் போய்விடும்.

போன கார்த்திகையில் பத்தாவது தடவை. இரவு ஷிப்ட் முடித்து அப்படியே கிளம்பி, வீட்டுக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. வானம் ஏரிப் பக்கம் இருண்டிருந்தது. வாடைக் காற்று மணலைக் கிளப்பிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டிருந்தார்கள். நைனா கயிறும் தார்ப்பாயும் கையுமாக டிவியின் பக்கத்தில் நின்றார், நான் வருவதற்காக. அம்மா எதிரே பாயில். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ கோர்ட்டுக் காட்சி. மாசக் கணக்காக அவள் காத்திருந்த நாள் போலிருக்கிறது. நான் செருப்பைக் கழற்றியதும் நைனா ஒயரில் கை வைத்தார்.

"பத்து நிமிஷம் இருய்யா. முடிஞ்சிடும்" என்றாள் அம்மா.

தண்ணீர் பத்து நிமிஷம் காத்திருக்குமா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். என் வாழ்நாளில் அவர் காற்றுக்கும் தண்ணீருக்கும் முன்னால் யாருக்காகவும் தாமதித்ததில்லை. அவர் வாசலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தார்ப்பாயை மடித்துத் தரையில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார்.

"இவ யாரு?" என்று கேட்டார்.

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். யார் மகள், யாரால் கெட்டாள், எந்தக் காகிதத்தை யார் ஒளித்து வைத்திருக்கிறார்கள் எல்லாம், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். அவர் நடு நடுவே ம் என்றார். வெளியே ஏதோ ஒரு தகரம் அடித்துக்கொண்டது. அவர் தோள் ஒருமுறை திடுக்கிட்டது, ஆனால் எழுந்திருக்கவில்லை. விளம்பரம் வந்ததும் அம்மா, இப்போது வேண்டுமானால் தூக்கலாம், பாக்கி இன்னும் கொஞ்சம்தான் என்றாள்.

"முடியட்டும்" என்றார் நைனா.

தோளிலிருந்து பையை இறக்கி வைத்துவிட்டு நானும் அவர்களோடு உட்கார்ந்தேன்.