குதிரைக்காரன் முடிச்சு

சந்தைக் கடைசியில் இருக்கும் கறிக்கடையில் பொட்டலத்துக்கு நூல் கட்டித் தரமாட்டார்கள். தாளில் கறியை வைத்து, மூன்று மடிப்பு மடித்து, நுனியைச் செருகி, கையில் திணித்துவிடுவாள் கடைக்காரி. வீடு போய்ச் சேருவதற்குள் பிரிந்து பைக்குள் ரத்தம் வழிந்தால் அது வாங்கினவர் பாடு.

"ஒரு முழம் நூலுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா, கத்தியக்கா?" என்று யாராவது கேட்பார்கள்.

"நூல் வேணும்னா தையல் கடைக்குப் போங்க. இங்க கறிதான்."

அவளுக்குச் சந்தையில் கத்தியக்கா என்றுதான் பெயர். ஒரு முழு ஆட்டைத் தொங்கவிட்டு, எலும்பை உடைக்காமல் மூட்டு மூட்டாகக் கழற்றி எடுப்பாள். வெட்டுக்கத்தியை ஓங்குவது அபூர்வம். சின்னக் கத்தியின் நுனி மூட்டுக்குள் நுழையும், கட்டைவிரல் ஓர் அழுத்து அழுத்தும், கால் தனியாக வந்துவிடும். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருப்பாள். கையை மடித்துவிட்டு அவள் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. மடித்துவிட்டிருந்தால் இரண்டு மணிக்கட்டிலும் வளையல் மாதிரி ஓடும் வெள்ளைத் தழும்பு தெரிந்திருக்கும்.

போரின் கடைசிக் குளிர்காலத்தில் பட்டாளம் அவள் ஊருக்குள் வந்தது. ஆண்களை மாவு மில்லின் பின்சுவரில் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். அவள் கணவன் வரிசைக்குப் போக மறுத்தான். துப்பாக்கிக் கட்டையால் வாசலிலேயே அடித்தார்கள். அவன் விழுந்த பிறகும் அடித்தார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாத பிறகும் ஒருவன் அடித்துக்கொண்டே இருந்தான். பெண்களின் தலையில் சாக்கைக் கவிழ்த்து, கைகளை முன்னால் சேர்த்துக் கட்டி, ஒரே கயிற்றில் கோத்து, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த முகாமுக்கு நடத்திப் போனார்கள். அவளுக்கு அடுத்துப் பின்னால் தங்கை. தங்கையின் கணுக்காலில் குண்டு பட்டிருந்தது.

கட்டியவனை அவள் பார்க்கவில்லை. அவன் மேல் குதிரை வாடை அடித்தது. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, குறுக்கே ஒன்று போட்டு, நுனியைத் திருப்பி அடியில் செருகி, கட்டைவிரல் நகத்தால் உள்ளே தள்ளினான். அந்த நகம் அவள் தோலைக் கிழித்தது. வழியில் நின்ற இடத்திலெல்லாம் கட்டிய கைகளைச் சாக்குக்குள் நுழைத்துப் பல்லால் கடித்துப் பார்த்தாள். கண்ணால் காணாத முடிச்சை நாக்கால் படித்தாள். ஒவ்வொரு மடிப்பும் மனப்பாடம் ஆனது. அவிழ்க்க மட்டும் முடியவில்லை.

கணவாய்க்குக் கீழே ஒரு வளைவில் வரிசை நின்றது. பின்னால் கயிறு சட்டென்று தளர்ந்தது. "அக்கா" என்று ஒரு குரல். அடுத்து ஒரு வேட்டு. அவ்வளவுதான். முதுகில் குத்தி மறுபடி நடக்க வைத்தார்கள்.

முகாமில் பட்டதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. வெளியே வந்த பிறகு, அப்படி வந்த பெண்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்திய வீட்டில் தங்கினாள். அங்கே சமையலறையில் மற்றவர்கள் ரத்தத்தைக் கண்டாலே ஓடுவார்கள். இவள் கத்தியை எடுத்தாள். அதுவே பிழைப்பாயிற்று. படுக்கும்போதெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: ஒரே குண்டு, வலிச்சிருக்காது. ஆனால் எங்கே கிடக்கிறாள்? அது தெரியாமல் அவளால் தங்கையைச் செத்தவளாக நினைக்கவும் முடியவில்லை, இருப்பவளாக நினைக்கவும் முடியவில்லை.

அந்த வீட்டுக்கு நிதி சேர்க்க வருஷா வருஷம் பட்டணத்து ஆட்கள் கூட்டமாக மலை ஏறுவார்கள். அறக்கட்டளையின் மேடம் கத்தியக்காவையும் ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார். அவள் போனதில்லை. இந்த முறை பழைய பாதையில் கண்ணிவெடிகளை எடுத்து முடித்திருந்தார்கள். போகப்போவது அந்தக் கணவாய் வழியாக.

"மேல நின்னு ரெண்டு வார்த்தை பேசினா போதும்மா," என்றார் மேடம்.

"சமைக்க வரேன். பேச்செல்லாம் எனக்கு வராது."

வந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். கிளிப்பச்சையும் ஆரஞ்சுமாகச் சட்டை, ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல். கூட்டத்தில் டாக்டர் என்று இருந்தவர் ஒருவர், அவரும் பல் டாக்டர். தொப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் கடைசியாக வந்து சேர்வார்.

"கத்தியக்கா, மேல நான் செத்துப்போனா சூப்புல போட்டுடாதீங்க."

"கொழுப்பு ஜாஸ்தி, டாக்டர். யாரும் குடிக்க மாட்டாங்க."

சாமான்களைச் சுமக்க மட்டக்குதிரைகள் வந்தன. ஓட்டி வந்தவன் ஐம்பதைத் தாண்டிய ஒடிசலான ஆள். யாரோடும் பேசமாட்டான், குதிரைகளோடுதான் பேச்செல்லாம். முதல் நாள் சுமை ஏற்றும்போது அவள் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், கணவாய்க்குக் கீழே கூடாரம் அடித்த இடத்தில், சமையல் சாமான் மூட்டையை இறக்கப் போனாள். கயிற்றில் கை வைத்தாள். இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று, திரும்பி அடியில் செருகின நுனி, அதன் மேல் ஒரு நகக்குழி.

மணிக்கட்டுத் தழும்பு இரண்டும் எரிந்தன. வாயில் பழைய கயிற்றின் ருசி வந்தது. மூட்டையை அப்படியே விட்டுவிட்டு, ஆட்டை அறுக்கக் கொண்டுவந்த சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

நடந்து களைத்தவர்கள் கூடாரத்துக்குள் படுத்திருந்தார்கள். குதிரைக்காரன் பாறைக்குப் பின்னால் ஓடையில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து தலைமயிரைப் பிடித்து இழுத்து முழங்காலில் சாய்த்து, காதுக்குக் கீழே கத்தியை வைத்தாள். தோல் கீறி ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

"அந்த முடிச்சை யாருகிட்ட கத்துக்கிட்டே?"

"எங்க அப்பாகிட்ட."

"வேற யாருக்குத் தெரியும்?"

"அப்பா போயிட்டாரு. இப்ப எனக்கு மட்டும்தான்."

"பொம்பளைங்க கையில கட்டியிருக்கியா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவன் கழுத்து அங்கேயே அறுந்திருக்கும்.

"கட்டினேன்," என்றான். "என் குதிரைங்களப் புடிச்சு, என்னையும் இழுத்துட்டுப் போனாங்க. அவங்க கட்டினது அவுந்துக்கிட்டே இருந்துச்சு. என்னைக் கட்டச் சொன்னாங்க. நீங்க அந்த வரிசையாம்மா?"

"கால்ல குண்டு பட்ட பொண்ணு. வளைவுல சுட்டாங்களே, அவ எங்க?"

"அந்தப் பொண்ணைச் சுடல."

"சத்தம் கேட்டுச்சுடா எனக்கு."

"அது என் குதிரை. கால் ஒடிஞ்சிருச்சு, அதைச் சுட்டாங்க. பொண்ணுக்கு எதுக்குக் குண்டை வீணாக்கணும்னான் அவங்க ஆபீசர். கயித்தை அறுத்துத் தள்ளிவிடுன்னான். நான்தான் தள்ளினேன்."

இத்தனை காலம் அவள் பிடித்துக்கொண்டு படுத்த ஒரே குண்டும் இல்லாமல் போனது. கத்தி இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியது. அவன் விலகவில்லை.

"பனி உருகினதும் தேடிப் போனேன்," என்றான். "கல்லு அடுக்கி மூடி வச்சிருக்கேன். இப்ப கொன்னுட்டீங்கன்னா உங்களால கண்டுபிடிக்க முடியாது. காட்டிட்டு வந்துடறேன், அப்புறம் உங்க இஷ்டம்."

குதிரைக் கயிற்றை எடுத்து அவன் கைகளை முன்னால் கட்டினாள். இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று. முடிச்சு விழுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவனின் முகம் அப்போதுதான் வெளுத்தது.

வளைவிலிருந்து சரிவில் இறங்கினார்கள். அவன் முன்னால், கயிற்று நுனி அவள் கையில். கட்டிய கையோடு சரளைக் கல்லில் இறங்குவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவன் இரண்டு முறை முகம் குப்புற விழுந்தான். இரண்டாவது முறை பாறையில் மோதி முன்பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். அவள் கயிற்றைச் சுண்டினாள். எழுந்து நடந்தான்.

கீழே ஒரு பாறை இடுக்கில் ஆள் நீளத்துக்குக் கல் அடுக்கியிருந்தது. அவள் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்தாள். நைந்துபோன பாவாடைத் துணி வந்தது. கணுக்கால் எலும்பு வந்தது, குண்டு துளைத்துச் சிதறிய பக்கம் மேலே. ஒரு கால் இடுப்பிலிருந்து திரும்பிக் கிடந்தது. விலா எலும்புகள் ஒரு பக்கமாக நொறுங்கியிருந்தன. எலும்பைப் பார்த்து அது எப்படி உடைந்தது என்று சொல்லத் தெரிந்தவள் அவள். உடனே போயிருக்கவில்லை. விழுந்த இடத்திலிருந்து இந்த இடுக்குவரை உடம்பை இழுத்து வந்திருக்கிறாள். கையெலும்பு இரண்டும் நெஞ்சின் மேல் சேர்ந்து கிடந்தன. அவற்றைச் சுற்றி நீல நைலான் கயிறு. அது மக்கவில்லை. முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது.

"மூடி வச்சியே," என்றாள். குரல் உயரவில்லை. "கட்டை அவுக்கத் தோணலையா?"

"தொட பயமா இருந்துச்சு. நான் போட்டதாச்சே."

அவள் கத்தியால் நீலக் கயிற்றை அறுத்தாள். இரண்டு கையெலும்பையும் விலக்கி, பக்கத்துக்கு ஒன்றாக வைத்தாள். தலையை ஒருமுறை தடவினாள். மறுபடி கல்லை அடுக்கினாள். அடுக்கி முடித்ததும் எழுந்து அவனிடம் போனாள்.

"கையை நீட்டு."

நீட்டினான். அவள் கட்டிய கட்டை அறுத்து எறிந்தாள். அவன் வலது கையைப் பாறையில் வைத்துக் கட்டைவிரலைப் பிரித்துப் பிடித்தாள். கத்தி நுனி மூட்டைத் தேடவே இல்லை. ஓர் அழுத்து. விரல் தனியாக வந்தது. அவன் கத்தவில்லை, தொண்டைக்குள்ளேயே ஏதோ உடைந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. ரத்தம் பாறையில் பீய்ச்சி அடித்தது. தன் சட்டைக் கையைத் தோளோடு கிழித்து, காயத்தை அழுத்திச் சுற்றினாள்.

"இனிமே உன்னால அந்த முடிச்சு போட முடியாது," என்றாள். "ஏறு."

குதிரை மிரண்டு கயிறு விரலில் சுற்றி இழுத்துவிட்டது என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். குதிரைக்காரர்களுக்கு நடப்பதுதான். விழுந்ததில் கழுத்து கீறி, பல்லும் உடைந்தது என்றான். மேடம் பதறிப்போய் அவனைக் கீழே அனுப்பப் பார்த்தார். குதிரைகள் வேறு யார் சொன்னாலும் நகராது என்று அவன் மறுத்துவிட்டான். பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டுத் தைத்தார். தைத்துக்கொண்டே விளக்கு பிடித்திருந்த கத்தியக்காவை நிமிர்ந்து பார்த்தார். அவள் கிழிந்த சட்டையில் ஒரு கை தோள்வரை வெறுமையாக இருந்தது. மணிக்கட்டுத் தழும்பில் அவர் பார்வை நின்றது.

"கயிறு இழுத்தா மூட்டுல இவ்வளவு சுத்தமா அறுபடாதே," என்றார் மெதுவாக.

"தைங்க டாக்டர்," என்றாள்.

அவர் தைத்தார். கீழே போன பிறகும் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும் சுமை ஏற்ற வேண்டியிருந்தது. கட்டுப்போட்ட கையோடு குதிரைக்காரன் கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மூட்டை சரிந்து சரிந்து விழுந்தது. கணவாய்க்குக் கிளம்ப நின்றவர்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தியக்கா வந்து அவனை விலக்கிவிட்டுக் கயிற்றை வாங்கினாள். இரண்டு சுற்றுச் சுற்றி, குறுக்கே ஒன்று போட்டாள். மூட்டை குதிரையோடு ஒட்டி நின்றது. நுனியை மட்டும் அடியில் செருகவில்லை. ஒரே இழுப்பில் அவிழும்படி வெளியே தொங்கவிட்டாள்.

"அவுந்துரும்மா," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

"அவுக்கணும்னா அவுழணும்," என்றாள்.

மேடம் பக்கத்தில் வந்தார். "நேத்து மத்தியானம் பூரா உங்களைக் காணோமே, எங்கம்மா போனீங்க?"

"என் தங்கச்சியைப் பார்த்துட்டு வந்தேன்."

கத்தியக்கா அடுத்த குதிரையிடம் போனாள்.