பெருவிரலைக் கடித்த சிலந்தி

எனக்கு வாயும் நீளம், கோபமும் மூக்குக்கு மேலே. இரண்டும் சேர்ந்து செய்த வேலை இது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியப்புறம், வலது காற்பெருவிரல் எரிந்த எரிவில் விழித்தேன். விரலின் அடி மூட்டு சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே உயிர் போனது. அட கோதாரி, புலிமுகச் சிலந்திதான் கடித்துவிட்டது என்று முடிவுகட்டினேன். கடித்த அடையாளம் எதுவும் இல்லை. அதை யார் பார்த்தது?

உடுவிலில் விசக்கடி பார்க்கும் பரியாரியாரிடம் போனேன். பச்சிலை அரைத்துப் பூசினார். "பத்து நாளைக்கு மீன், நண்டு, இறைச்சி ஒண்டும் தொடப்படாது" என்றார். பத்து நாளில் வீக்கம் வற்றியது. ஊரெல்லாம் அவர் புகழ் பாடினேன்.

நாலு மாதத்தில் மறுபடி அதே விரல். சிலந்தியின் இருப்பிடத்தையும் நானே கண்டுபிடித்தேன்: யன்னலுக்கு வெளியே மனைவியின் மல்லிகைப் பந்தல். சண்டையில் இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அந்த நிலையிலும் அவள் முதலில் நட்டது அந்த மல்லிகையைத்தான்.

"சிலந்தியைக் கண்டனீங்களோ? காணாமல் ஏனப்பா வெட்டுறியள்?" என்று கத்தியோடு போன என்னை மறித்தாள்.

"எனக்குக் கால் வேணும். உனக்குப் பூ பெரிசோ?" என்று கத்தினேன். நொண்டி நொண்டி வெட்டி, வேரையும் கிண்டி எரித்தேன். அன்றிலிருந்து அவள் சாமிப் படத்துக்குச் செவ்வரத்தம்பூதான் வைத்தாள்.

மூன்றாம் முறை வந்தபோது பந்தலும் இல்லை, பழி போட ஆளும் இல்லை. காலை ஊன்ற முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் ஓர் இளம் பெண்.

"ஐயா, நோ வர முதல்நாள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒடியற் கூழ். அரியாலை நண்டு, கணவாய், றால் எல்லாம் போட்டது."

"முந்தின ரண்டு தரமும்?"

யோசித்துப் பார்த்தேன். கூழேதான்.

இரத்தத்தைச் சோதித்த பிறகு விளக்கினார். யூரிக் அமிலம் கூடி மூட்டுக்குள் ஊசி ஊசியாய்ப் படிகிறதாம். அதுவும் ஒரு மூட்டுவாதம்தானாம். "சும்மா விட்டாலும் பத்து நாளிலை அடங்கும், பிறகு திரும்ப வரும். இப்பிடியே விட்டால் மூட்டு பழுதாப் போகும். நோ இல்லாத நாளிலையும் இந்தக் குளிசையைப் போடவேணும்." பரியாரியாரின் பத்தியம் கொஞ்சம் உதவியிருக்கும். மற்றதெல்லாம் காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை.

குளிசையை விசத்துக்குத் தந்த மருந்து என்று மனைவியிடம் சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். வெட்கக்கேடு! ஆனால் கூழ் காய்ச்சுகிறவளும் அவள்தானே, எத்தனை நாளைக்கு மறைப்பது? உள்ளதைச் சொன்னேன்.

அவள் யன்னல் பக்கம் பார்த்தாள்.

"அப்ப என்ரை மல்லிகை உங்களுக்கு என்னப்பா செய்தது?"



அடுத்த கிழமை அச்சுவேலிச் சந்தையில் ஒரு மல்லிகைக் கன்று வாங்கிவந்து கொடுத்தேன். இப்போது ஆறு மாதமாகிறது. எனக்குத் தினமும் குளிசை எடுத்துத் தருகிறாள். கிணற்றடியில் பையோடு இருக்கும் கன்றுக்கும் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள். இன்னும் நடவில்லை.